பாரதியார் காத்த பாட்டுச் செல்வம்

புதுச்சேரிப் பட்டணத்தின் நடுவே பெரிய மார்க்கெட் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் அது கிராண்ட் பஜார் எனப்பட்டது. பின்னர், புதுவையின் முதன்மந்திரியாயிருந்த எதுவார் குபேரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. சர்க்கார் ஏடுகளில் எப்பெயர் இருப்பினும், ஜனங்களின் நாவில் அது பெரிய மார்க்கெட்டே. மணிக்கூண்டைச் சூழ்ந்த அந்தக் கடைச் சந்துகளில், மீன் விற்கும் ஸ்திரீகளும், கீரைக்காரிகளும், பூக்காரர்களும் கூவி விலை சொல்லும் ஓசையைச் சிறிது நேரம் செவிகொடுத்துக் கேட்போர்க்கு, அவ்விரைச்சலின் ஊடே ஒரு தாளமும் ஒரு மெட்டும் ஓடுவது புலனாகும். ஏட்டில் எழுதப்படாத சங்கீதம் அது. கூலியின்றிப் பிறந்து, புகழின்றி மறைவது.

அம்மார்க்கெட்டுக்கு வடக்கே சில தெருக்களைக் கடந்தால் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு. அத்தெருவிலேதான் சுப்பிரமணிய பாரதியார் தமது புதுவை வாசத்தில் பல ஆண்டுகளைக் கழித்தார். அவர் குடியிருந்த வீடு இப்பொழுது நினைவில்லமாகக் காக்கப்பட்டு வருகிறது. பாரதியாரைத் தேசபக்தர் என்றும், பத்திராதிபர் என்றும், மகாகவி என்றும் போற்றாதவர் நம்மில் இல்லை. ஆயினும் அவர் செய்த மற்றொரு தொண்டை நம்மவர் போதிய அளவு நினைப்பதில்லை. ஏழை எளிய ஜனங்களின் வாயில் வழங்கிய பாட்டு வகைகளை வாங்கி, அவற்றுக்குப் புத்துயிர் ஊட்டி, அந்த ஜனங்களுக்கே திருப்பித் தந்தவர் அவர். அவருடைய வாழ்க்கையை அந்நோக்கில் எடுத்துரைப்பதே நமது இன்றைய கருத்து.

பாரதியார் 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி எட்டயபுரத்தில் பிறந்தார். எட்டயபுரம் சிறிய ஜமீன் ஊர்தான். எனினும் சங்கீதத்தில் அதன் பெருமை சிறிதன்று. முத்துஸ்வாமி தீக்ஷிதர் தமது அந்திமக் காலத்தைக் கழித்து 1835-இல் உயிர்நீத்த தலம் அது. அவரது பரம்பரையில் வந்த சுப்பராம தீக்ஷிதர் அந்த சமஸ்தானத்து வித்துவானாக வீற்றிருந்தார். குருவின் வாயிலிருந்து சீடனின் செவிக்கு மட்டுமே சென்றுகொண்டிருந்த கீர்த்தனங்களை ஸ்வரக் குறிப்புடன் எழுதி, 1904-இல் சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி என்னும் மாபெரும் கிரந்தமாக எட்டயபுரத்திலேயே அவர் அச்சேற்றினார். இஃது ஒரு புறம். மற்றொரு புறத்தில், அவ்வூருக்கு அருகிலுள்ள கழுகுமலை முருகன்மீது சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச் சிந்து, காவடி எடுப்போரின் காலடித் தாளத்தோடு அந்தக் கரிசல் சீமை முழுவதும் ஒலித்துக்கொண்டிருந்தது. ரெட்டியார் 1891-இல் இளமையிலேயே காலமானார்; அவர் பாட்டோ இறக்கவில்லை. அரண்மனைச் சங்கீதமும் தெருச் சங்கீதமும் ஆகிய இரண்டும் சூழ வளர்ந்தது பாரதியாரின் பிள்ளைப்பிராயம். ஐந்து வயதில் தாயை இழந்து, பதினொன்றாம் பிராயத்தை ஒட்டிப் பாரதிப் பட்டம் பெற்ற அந்தச் சிறுவனுக்கு, பாட்டே தாயாயிற்று என்று சொன்னால் மிகையாகாது.

தந்தையார் காலமான பின், 1898 முதல் காசியில் கல்வி; 1902-இல் மீண்டும் எட்டயபுரம்; 1904-இல் மதுரை சேதுபதி உயர்தரப் பாடசாலையில் சில மாதம் தமிழ்ப் பண்டிதர் வேலை; அவ்வாண்டு இறுதியில் சென்னையில் சுதேசமித்திரன் பத்திரிகையின் உதவியாசிரியர் பதவி. 1905-இல் வங்காளப் பிரிவினை தேசத்தை உலுக்கியது. 1906 முதல் ‘இந்தியா’ வாரப் பத்திரிகையில் பாரதியாரின் எழுதுகோல் கனல் கக்கிற்று. அக்காலத்தில் நிகழ்ந்த ஒரு செய்தியை இங்கே குறிப்பிடுதல் தகும். மிதவாதிகளுள் தலைசிறந்தவராகிய வக்கீல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயருக்கும் பாரதியாருக்கும் அரசியலில் ஏணி வைத்தாலும் எட்டாத தூரம். எனினும், பாரதியார் பாடத் தம் காதாற் கேட்ட ஐயர் உள்ளம் உருகி, அப்பாட்டுக்களில் மூன்றைத் தம் சொந்தச் செலவில் 1907-இல் பதினையாயிரம் பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். கட்சி பேதம் பாட்டின் முன் நில்லாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1908-இல் அடக்குமுறை மூண்டது. வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் சிறை புகுந்தனர். ‘இந்தியா’வின் பேரளவிலான ஆசிரியர் கைது செய்யப்பட்டார். நண்பர்களின் யோசனைப்படி பாரதியார் பிரிட்டிஷ் எல்லையைக் கடந்து புதுச்சேரி சேர்ந்தார். பத்திரிகையும் அங்கிருந்து வெளிவந்தது. ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழையாதபடி சர்க்கார் தடுத்துவிட, 1910-இல் நின்றுபோயிற்று. அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் அவ்வாண்டில் புதுவை வந்து சேர்ந்தனர். ஒற்றர்களின் கண் இவர்கள் வாசலை விட்டு அகலவில்லை, தபால்கள் தடுக்கப்பட்டன, வறுமையோ வீட்டிற்குள்ளேயே குடியிருந்தது. பத்திரிகை இழந்த பத்திராதிபருக்கு எஞ்சியது யாது? பாட்டு ஒன்றே.

அந்த இருண்ட ஆண்டுகளில், புதுவையின் தெருக்களும் தோப்புக்களும் அவருக்கு மறுபடியும் ஒரு பாடசாலையாயின. 1912-ஐ ஒட்டி அவர் இயற்றிய குயில் பாட்டு, முத்தியாலுப்பேட்டையிலிருந்த ஒரு தோப்பை நிலைக்களனாகக் கொண்டது என்பர். அதில் ஓரிடத்தில், மனிதர் பாட்டுக்களில் தன் நெஞ்சைப் பறிகொடுத்த விதத்தைக் குயில் உரைக்கிறது. ஏற்றம் இறைப்போர், நெல் குத்தும் பெண்கள், சுண்ணாம்பு இடிப்போர், வயலில் வேலை செய்யும் மடந்தையர், வட்டமிட்டுக் கும்மி கொட்டும் மங்கையர் என்று இவர்தம் பாட்டுக்களை வரிசையாகச் சொல்லி, குழலையும் வீணையையும் அவற்றுடன் சமமாக ஒரே பந்தியில் உட்கார வைக்கிறார் கவி. கச்சேரி மேடை ஏறிய வித்துவானும், ஏற்றக்காலில் ஏறிய குடியானவனும் இங்கே ஒரே நிறை. உழைப்பாளிகளின் பாட்டுக்களுக்கு ஒரு மகாகவி அமைத்த ஜாபிதா என்றே நாம் இதைக் கொள்ளலாம். வேறோரிடத்தில், தெருவில் குழலூதும் பாம்புப் பிடாரனின் இசையைக் கேட்டு, அவ்விசை பிடாரனுடையதா, அவன் மூச்சினுடையதா, குழலினுடையதா என்று ஆராய்ந்து, அதனைப் பராசக்தியின் லீலையென்று கண்டு வசன கவிதையாகவே எழுதிவிட்டார். வீட்டு வாசலில் உடுக்கையடித்துக் குறி சொல்லும் குடுகுடுப்பைக்காரனின் தொனியும் புதிய கோணங்கி என்ற பாட்டாக மாறித் தேசத்திற்கு நற்குறி சொல்லிற்று.

இவர் வெறுமனே கேட்டு மகிழ்ந்தவரல்லர். எந்த மெட்டை எந்தப் பொருளுக்கு வைப்பது என்பதில் அவர் காட்டிய விவேகம் வியக்கத்தக்கது. நொண்டி நாடகம் என்பது, தீய வழியிற் சென்று கால் இழந்தவன் தன் கதையைத் தானே சொல்லிக் கழிவிரக்கம் கொள்ளும் பழைய கூத்து. அதற்குரிய நொண்டிச் சிந்திலே பாரத ஜனங்களின் அக்காலத்து நிலைமையைப் பாடினார். முடமாய்க் கிடந்த தேசம் தன் கதையைத் தானே சொல்வதுபோல் அது அமைந்தது. போலித் தேசபக்தரைப் பழிக்கக் கிளிக்கண்ணி. பெண்களின் விடுதலைக்கு அவர்களுடைய கும்மி. பாரத மாதாவைத் துயிலெழுப்பக் கோயிலில் ஓதும் திருப்பள்ளியெழுச்சியின் வடிவம். தாயின் கொடியைப் புகழத் தாயுமானவரின் ஆனந்தக் களிப்பு மெட்டு. சுதந்திரத்தின் பெருமையைச் சொல்லுகையில், அடிமைத்தளையினின்று மீண்ட நந்தனாரின் சரித்திரக் கீர்த்தனை மெட்டையே எடுத்துக்கொண்டார். அக்கீர்த்தனைகளை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார், பிரெஞ்சு எல்லையாகிய காரைக்காலிலே அதிகாரியாயிருந்த ஒரு பிரெஞ்சுக்காரரின் உதவியால் தம் நூலை அச்சேற்றினார் என்பது வரலாறு. சேற்றில் உழலும் பள்ளர்களின் பள்ளுப்பாட்டு வடிவிலே சுதந்திரப் பள்ளு எழுந்தது. தேசம் விடுதலை பெறுமுன்னரே, பெற்றுவிட்ட ஆனந்தத்தை யார் ஆடிப் பாடவேண்டுமென்று கவி நினைத்தார் என்பது அம்மெட்டினாலேயே விளங்குகிறதன்றோ? 1947 ஆகஸ்டு மாதத்தில் சுதந்திரம் பிறந்த இரவிலே, ஸ்ரீமதி டி. கே. பட்டம்மாள் வானொலியில் அப்பாட்டைப் பாடியது நம் சரித்திரத்தில் ஒரு பொன்னேடு.

1912-இல் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையிலே, எளிய பதங்களும் எளிய நடையும் பொதுஜனங்கள் விரும்பும் மெட்டும் கொண்ட காவியமே தமிழுக்கு உயிர் தருமென்ற தம் கொள்கையை அவர் வெளியிட்டார். சங்கீதத்தைப் பற்றி அவர் எழுதிய வியாசத்திலும் இதே கவலைதான். பொருள் தெரியாத கீர்த்தனங்களையே வித்துவான்கள் சபைதோறும் மாறாமல் பாடுவதால், ஜனங்களின் ரசனை மழுங்குகிறதென்று அவர் வருந்தினார். பழைய சங்கீதத்தின்மேல் அவருக்குப் பகைமை கிடையாது. பாடுவோனுக்கும் கேட்போனுக்கும் பொருள் விளங்காத பாட்டு, பெட்டகத்திலே பூட்டிய பொன்னுக்கு ஒப்பாகும் என்பதே அவர் துன்பம்.

பாட்டைக் காப்பது தேசத்தைக் காப்பதாகுமோ என்று ஐயுறுவோருக்கு நாம் ஒரு தூரதேசத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். பசிபிக் மகாசமுத்திரத்தில், பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் நம் ஸ்திரீகள் பட்ட துயரைப் பாரதியார் கண்ணீரோடு பாடியது யாவரும் அறிந்ததே. அச்சமுத்திரத்தின் வடபாகத்திலுள்ள ஹவாய்த் தீவுகளின் சுதந்திரத்தையும் அதே கரும்புதான் விழுங்கிற்று. அத்தீவினருக்கு முற்காலத்தில் எழுத்து கிடையாது. அவர்களுடைய வம்சாவளியும், தெய்வக் கதைகளும், கடல் வழிகளும் எல்லாம் ஓதும் பாட்டுக்களிலேயே இருந்தன. வெள்ளைப் பாதிரிமார் வந்தபின் அவர்களுடைய ஹூலா ஆடலும் பாடலும் இழிவென்று ஒதுக்கப்பட்டன. 1883-இல் தம் மகுடாபிஷேகத்தின்போது அவற்றை மீண்டும் அரங்கேற்றிய பெருமை காலகௌவா மன்னரைச் சாரும். அவருக்குப்பின் அரசாண்ட தங்கையாராகிய லிலியுவோகலானி ராணியை, தோட்ட முதலாளிகளும் வியாபாரிகளுமாகிய ஒரு கூட்டத்தார் 1893-இல் அமெரிக்கச் சிப்பாய்களின் துணையோடு அரியணையிலிருந்து இறக்கினர். 1895-இல் அவரை அவருடைய அரண்மனையிலேயே ஓர் அறையில் சிறை வைத்தனர். அந்தச் சிறையில் ராணி செய்ததென்ன? சிருஷ்டியின் தோற்றத்தையும் தம் குலவரிசையையும் கூறும் குமுலிபோ என்னும் நெடும்பாட்டை, இரண்டாயிரம் அடிகளுக்கு மேற்பட்டதை, இங்கிலீஷில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். அது 1897-இல் பாஸ்டன் நகரில் அச்சாயிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேயே, பாடசாலைகளில் இங்கிலீஷே போதனாமொழி என்று சட்டம் பிறந்துவிட்டது. 1898-இல் அமெரிக்கா அத்தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ராஜ்யம் போயிற்று, பாட்டுப் போகவில்லை. அப்பாட்டைப் பிடித்துக்கொண்டு அம்மொழி மீண்டெழுந்து, 1978-இல் அத்தீவுகளின் அரசியல் சட்டத்திலே ஆட்சிமொழிகளில் ஒன்றாக இடம் பெற்றது. முடி இழந்த ராணியும், ஊர் இழந்த கவியும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் அடிமைப்பட்ட ஜாதிக்கு மிஞ்சும் கடைசிக் கோட்டை பாட்டென்பதை இருவரும் அறிந்திருந்தனர்.

காப்பது ஒரு பாதி; பரப்புவது மறு பாதி. புதுவையில் ஒரு கலியாண வீட்டில், கனக சுப்புரத்தினம் என்னும் இளைஞர், எதிரே அமர்ந்திருப்பவர் யாரென்றறியாமல் பாரதியாரின் பாட்டைப் பாடினார். பாட்டுக்கு உடையவரே சபையில் இருந்து கேட்டுக் களித்தார். அவ்விளைஞரே பின்னர்ப் பாரதிதாசனாக விளங்கியவர். கர்த்தாவின் முகம் தெரியாமலே பாட்டு ஊரில் உலவியது எத்தனை சிறப்பு! 1914-இல் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவர் பாட்டுக்களை மாதா மணிவாசகம் என்ற பெயரில் டர்பனில் அச்சிட்டனர். 1917-இல் பரலி சு. நெல்லையப்பர் சென்னையில் கண்ணன் பாட்டு முதலியவற்றை வெளியிட்டார். கவி புதுவையில் அடைபட்டுக் கிடக்க, பாட்டு கடல் கடந்து திரிந்தது.

1918 நவம்பரில் பாரதியார் புதுவையை விட்டுப் புறப்பட்டார். எல்லையைத் தாண்டியதும் கைதாகி, கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் இருந்து, டிசம்பரில் விடுதலை பெற்றார். பின்னர்க் கடையத்தில் இருந்துகொண்டு 1920-இல் ஒரு பெரிய திட்டம் வகுத்தார். தம் நூல்களை நாற்பது பகுதிகளாக்கி, பகுதி ஒன்றுக்குப் பதினாயிரம் பிரதியாக அச்சிட வேண்டுமென்பது அது. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும்போலத் தம் புத்தகங்கள் எளிதாய் எங்கும் விற்கவேண்டும் என்பது அவர் ஆசை. சரிகை வஸ்திரத்தோடு அலமாரியில் இருப்பதற்கன்று. பெரிய மார்க்கெட்டில் உப்பும் புளியும் வாங்க வருவோன் கையில் இருப்பதற்கே அவர் பாடினார். அத்திட்டத்துக்குப் பொருளுதவி செய்வார் இல்லை. 1921 செப்டம்பரில், முப்பத்தொன்பது வயது நிறையுமுன், திருவல்லிக்கேணியில் அவர் காலமானார்.

அவருக்குப்பின் அப்பாட்டுக்கள் பட்ட பாடும் ஒரு சரித்திரமே. மனைவியார் செல்லம்மாள் அவற்றை அச்சிட முயன்றார். பின்னர் அவருடைய தம்பியார் விசுவநாதன் முதலியோர் பாரதி பிரசுராலயத்தின் மூலம் வெளியிட்டனர். 1928-இல் பர்மா சர்க்கார் தடை விதிக்க, அதைப் பற்றிக்கொண்டு சென்னையிலும் போலீசார் புத்தகங்களைக் கைப்பற்றினர். சட்டசபையில் சத்தியமூர்த்தி முழங்கினார். தேசமெங்கும் கண்டனம் எழுந்தது. சர்க்காரின் பூட்டு இவ்வாறிருக்க, பிறகு வந்தது சொத்துரிமையின் பூட்டு. இசைத்தட்டு, சினிமா ஆகியவற்றில் பாட்டைப் பயன்படுத்தும் உரிமை கைமாறிக் கைமாறி விலைபோய், இறுதியில் பட முதலாளி ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் சேர்ந்தது. டி. கே. எஸ். சகோதரர்கள் தம் படத்தில் பாரதியார் பாட்டைச் சேர்த்ததன்மேல் வழக்கு எழுந்தது. தமிழ்நாடு துடித்தெழுந்து, பாரதியார் பாட்டு எல்லோருக்கும் சொந்தமென்று கிளர்ச்சி செய்தது. செட்டியார் தம் உரிமையை விலையின்றி விட்டுக்கொடுத்தார், குடும்பத்தாரும் இசைந்தனர். 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மந்திரிசபை அப்பாட்டுக்களைச் சர்க்கார் உடைமையாக்கிற்று. 1955-இல் அவை முற்றும் பொதுஜனங்களின் சொத்தாயின. ஒரு கவியின் பாட்டை இவ்வாறு விடுதலை செய்தது உலகில் அரிய செயல்.

ஆயினும், விடுதலையான அப்பாட்டுக்களில் நம்மிடம் முழுமையாய் இருப்பது எது? சொல் இருக்கிறது. மெட்டு எங்கே? புத்தகத்தில் பாட்டின் தலைப்பிலே காவடிச் சிந்து மெட்டு, ஆனந்தக் களிப்பு மெட்டு, நந்தன் சரித்திர மெட்டு என்று அச்சாகியிருக்கிறது. அம்மெட்டை இப்பொழுது பாடிக் காட்டுவோர் எத்தனை பேர்? நம்மில் பலர் அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். பம்பு இயந்திரம் வந்து ஏற்றம் போயிற்று. ஏற்றத்தோடு ஏற்றப்பாட்டும் போயிற்று. நெல்லரைக்கும் மில் உலக்கையின் ஓசையை அடக்கிவிட்டது. உழைப்பின் சுமை குறைந்ததற்கு நாம் வருந்துவோமல்லோம். உழைத்தோரின் பாட்டும் உடன்கட்டை ஏறவேண்டுமென்பது என்ன நியாயம்?

பாரதியார் பழைய மெட்டில் புதிய சொல்லை வைத்தார். அதனால் பழைய சொல் மறைந்ததன்றோ என்று சிலர் கேட்கலாம். அக்கேள்வி நியாயமானதே. அவர் தொண்டு மெட்டை உயிர்ப்பித்தது. பழைய சொற்களைச் சேகரிக்கும் வேலை பிறருக்கு எஞ்சியது. அதனைச் செய்தாரும் உளர். இங்கிலீஷ் அதிகாரியாகிய பெர்ஸி மாக்வீன் திரட்டிய நாடோடிப் பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் ஆராய்ந்து 1958-இல் மலையருவியென வெளியிட்டார், நா. வானமாமலை ஊரூராய்த் திரட்டுவித்தார்; கரிசல் சீமையிற் பிறந்த கி. ராஜநாராயணன், பாரதியாரைப் போலவே புதுவைக்கு வந்து, அங்குள்ள சர்வகலாசாலையிலிருந்து நாட்டார் கதைகளைத் தொகுத்து, 2021-இல் அவ்வூரிலேயே மறைந்தார். இவர்களும் பெரும்பாலும் சொல்லையே காக்க முடிந்தது. குரலைக் காப்பது இனி நம் பொறுப்பு.

இதற்குச் சர்க்காரை மாத்திரம் எதிர்நோக்கி உட்கார்ந்திருத்தல் ஆண்மையாகாது. ஒவ்வோர் ஊரிலும் நடவுப்பாட்டும், தாலாட்டும், ஒப்பாரியும், கும்மியும் அறிந்த முதியோர் இன்னும் சிலர் உயிரோடிருக்கின்றனர். கையிலுள்ள கருவியில் அவர்கள் குரலைப் பதிவு செய்ய இப்பொழுது காலணாச் செலவில்லை. பாடியவரின் பெயரோடும் ஊரோடும் அதைப் பதிந்து, ஊர் வாசகசாலையில் எல்லோரும் கேட்கும்படி வைப்பது, பாரதி விழாவில் பேசும் பத்துப் பிரசங்கங்களினும் மேலாகும். பதிந்தால் மட்டும் போதாது. பிள்ளைகள் அவற்றைப் பாட வேண்டும். பாரதியார் பாட்டைப் பாடசாலையில் கற்பிக்கும்பொழுது, தலைப்பிலுள்ள மெட்டையும் தேடிப்பிடித்துக் கற்பிக்க வேண்டும்.

பாட்டு என்பது பெட்டகத்துப் பொருளன்று. வாயிலே வாழும் உயிர். மார்க்கெட்டுக் கூடைக்காரியின் வாயில் உயிரோடிருந்ததைத்தான் பாரதியார் எடுத்தார். அந்த வாய்க்கே மீண்டும் அதைக் கொடுத்தார். வாங்கிக்கொண்ட நாம் அதை அடுத்த வாய்க்குக் கொடுக்காமற்போனால், சர்க்காரின் பூட்டும் முதலாளியின் பூட்டும் செய்யாத கேட்டை நம் சோம்பல் செய்துவிடும்.